பட்டும் இரட்டும்

ஓஸ்வால்டுக்குத் தமிழ் பேச வரும், பாட வரும், சண்டை போடவும் வரும். படிக்கத்தான் வராது. ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்றாலும் அவன் அப்பா கொண்டுபோய்ச் சேர்த்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை சபையில் தமிழ்ப் பாட்டை மனப்பாடமாகப் பாடுவான். வேதம் வாசிக்கும் நேரம் வந்தால் பையிலிருந்து கன்னட வேதத்தை எடுத்து விரித்துக்கொள்வான். பெங்களூரில் இப்படி எத்தனையோ பேர். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஒரு குறைதான் ஐம்பத்தேழு வயதில் அவனைப் புரட்டிப் போட்டது என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம்தான்.

சிவாஜிநகரில் ஒரு பட்டுக் கடை. முன்பக்கம் கண்ணாடி, ஏ.சி., வெள்ளை மெத்தை. பின்பக்கம் ஓஸ்வால்டின் ராஜ்ஜியம், அதாவது பேக்கிங் செக்ஷன். முப்பத்தொரு வருஷமாக அட்டையை மடித்துப் பெட்டி கட்டுவதுதான் வேலை. அட்டை என்று நாம் சொல்வோம். அங்கே அதற்குப் பேர் ரட்டு. கன்னடத்தில் அட்டைக்கு ரட்டு என்றுதான் சொல்வார்கள், கூட வேலை செய்யும் நரேஷ் கன்னடக்காரன், லாரி ஆபீஸ்காரர்களும் கன்னடக்காரர்கள். 'சிங்கிள் ரட்டு போடு', 'டபுள் ரட்டு போடு', 'ரட்டு நனையாமப் பாத்துக்கோ' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வார்த்தை அவன் வாயில் புரளும். ஹாசனுக்கும் ஹூப்ளிக்கும் போகிற பெட்டிகளில் சணல் இழுத்து அவன் போடுகிற முடிச்சை அவிழ்க்கக் கத்திதான் வேண்டும்.

அப்படிப்பட்டவன் வீட்டு லாஃப்டில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால், ஒன்பது வருஷமாக ஒரு ரட்டுப் பெட்டி கிடந்தது. உள்ளே ஆறு பட்டுப் புடவைகள்.

திருடினவன் இல்லை அவன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தீபாவளி நெருக்கடியில், ஒரு பார்ட்டிக்கு எடுத்து வைத்த ஆறு புடவையை, ஹாசனுக்குப் போகவேண்டிய பெட்ஷீட் பெட்டிக்குள் தெரியாமல் வைத்துக் கட்டிவிட்டான். சாயங்காலம் ஸ்டாக் எடுத்தபோது ஆறு குறைந்தது. கவுண்டரில் கடைசியாக அந்தப் புடவைகளைத் தொட்டவள் சேல்ஸில் இருந்த ஆஞ்சலா. பெரிய முதலாளி அவள் பையைக் கொட்டிப் பார்த்தார். இரண்டு ஆட்களை ஜோகுபாளையத்துக்கு அனுப்பி, சந்தே வேடிக்கை பார்க்க, அவள் வீட்டு அரிசி டப்பாவைக்கூடக் கவிழ்க்க வைத்தார். புடவை கிடைக்கவில்லை. போலீசுக்குப் போகாமல் பெரிய மனசு பண்ணி வேலையை விட்டு மட்டும் அனுப்புவதாகச் சொன்னார். அன்றையிலிருந்து அவள் பேர் பட்டு ஆஞ்சலா ஆகிவிட்டது. தெரியாதவர்கள் கேட்டால் செல்லப் பேர் என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஹாசன்காரர் நாணயமாகப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். பிரித்துப் பார்த்தவன் ஓஸ்வால்ட் மட்டும்தான். சொல்லியிருக்கலாம். அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மகள் லவினா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், வேலை போனால் எப்படி என்று பயந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தான். அடுத்த நாள் போனபோது, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம் வந்தது. அப்புறம் இரண்டு வாரம், இரண்டு வருஷம். வீட்டுக்கு வந்த பிறகு பெட்டியை அவன் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. ஆஞ்சலா ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்து பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருவாள். அவனைப் பார்த்தால், "என்னா ஓஸ்வால்ட், நல்லா கீறியா?" என்று கேட்பாள்.

ஜனவரி மாதம். குளிர் இன்னும் விடவில்லை. ஜோகுபாளையத்துச் சபையில் மூன்று நாள் எச்சரிப்புக் கூட்டம் வைத்தார்கள். பேசுவதற்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். மெலிந்த உடம்புதான், ஆனால் தொண்டை இருக்கிறதே, அப்பா! கடைசிக் காலம், எக்காளங்கள், கோபக் கலசங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஸ்பீக்கர் தகரம் அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், முதல் நாள் கூட்டம். ஓஸ்வால்ட் கடையிலிருந்து நேரே வந்து ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"கடைசிக் காலம் எப்ப வரும் எப்ப வரும்னு கேக்கீங்களே, இந்த ஊரு ஏரி தீப்பிடிச்சி எரிஞ்சிச்சா இல்லியா?" என்றார் ஐயா. "தண்ணி எரியுது! எந்த ஊர்லயாவது தண்ணி எரிஞ்சி பாத்திருக்கீங்களா? அதுக்கு மேல என்ன அடையாளம் வேணும் உங்களுக்கு? நுரை ரோட்டுக்கு வருது, நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஆபீசுக்குப் போறீங்க!"

ஜனங்கள் முனகினார்கள். அவர் மேடையின் ஓரத்துக்கு வந்தார். விரல் நீண்டது. அது எவனையும் பார்த்து நீண்ட விரல் இல்லை, எல்லாக் கூட்டத்திலும் நீள்கிற விரல்தான். ஆனால் அது ஓஸ்வால்டின் நெற்றிக்கு நேராக இருந்தது.

"மறைச்சு வச்சிருக்கிற மனுசா, உனக்குத்தான் சொல்லுதேன்! நியாயாதிபதி வாசல்ல நிக்கிறார்! பட்டைக் கழத்து! இரட்டை எடு! இன்னைக்கே எடு! பட்டைக் கழத்து, இரட்டை எடு!"

ஓஸ்வால்டின் காதில் விழுந்தது இதுதான்: பட்டு. ரட்டு. மறைத்து வைத்திருக்கிற மனுஷன். ரட்டை எடு.

திருநெல்வேலியிலிருந்து ஏறி வந்த ஒரு கிழவருக்கு ஜோகுபாளையத்து லாஃப்டில் என்ன கிடக்கிறது என்று எப்படித் தெரியும்? கர்த்தர் சொல்லாமல் தெரியுமா? திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தான். கடைசி வரிசையில் ஆஞ்சலா கண்ணை மூடி, இரண்டு கையையும் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே வந்துவிட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. கடைக்கு லீவு சொல்லிவிட்டான். அவன் மனைவி மௌரீன் சமையற்கட்டில் கீழே உட்கார்ந்து, இரவெல்லாம் ஊறிய அவரைக்காய் விதையை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். சீசன் முடிவதற்குள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பிதுக்குப் பருப்புச் சாறு வைக்காவிட்டால் அவளுக்கு ஜனவரி வந்த மாதிரியே இருக்காது. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.

"இன்னாங்க, நேத்தும் சாப்புடல, இன்னைக்குக் காபியும் ஆறிக்கினு கீது. ஜுரமா?"

"ஜுரம்லாம் இல்ல."

"பின்ன? அந்த ஐயா போட்ட சத்தத்துல பயந்துட்டீங்களா? எனக்கே ஒரு மாதிரிதான் ஆச்சு. ஏரி எரிஞ்சதை எவ்ளோ கரெக்டா சொன்னாரு பாருங்க."

"மௌரீன், லாஃப்ட்ல ஒரு ரட்டு டப்பா கீதில்ல."

"கடை சாம்பிள்னு சொன்னீங்களே, அதா? எத்தினி தடவை சொல்லிட்டேன், பேஜாரா கீது, எடுத்துப் போடுங்கன்னு. நிச்சயத்துக்கு வீடு வெள்ளையடிக்கணும்."

"சாம்பிள் இல்ல அது."

சொல்லி முடிக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தான். மௌரீனின் விரல்கள் பிதுக்கிக்கொண்டே இருந்தன. கடைசியில் பருப்பைத் தோல் பக்கமும் தோலைப் பருப்புப் பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆறும் உள்ளே கீதா?"

"கீது."

"ஆஞ்சலாக்கா எடுக்கல."

"எடுக்கல."

கையிலிருந்த ஈரத் தோலை அப்படியே அள்ளி அவன் மூஞ்சியில் வீசினாள் மௌரீன். "பாவி! நீ மட்டும் பாவம் பண்ணலய்யா, என்னையும் பண்ண வெச்சிட்டே! லவினா பர்த்டேக்கு அவ வந்தா, ஞாபகம் கீதா? அவ ஹால்ல உட்கார்ந்திருக்கிறப்போ நான் போயி உள் ரூமுக்குப் பூட்டுப் போட்டேன். சாவி சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தா. பார்த்துட்டு, கேக்கைத் தட்டுலயே வெச்சிட்டு, 'வரேம்மா, வேலை கீது'ன்னு எழுந்து போனா. அதுக்கப்புறம் நம்ம வீட்டு வாசப்படி மிதிச்சாளா? நான் என்னமோ பெரிய சாமர்த்தியம் பண்ண மாதிரி உன்கிட்ட வந்து சொன்னேன். நீ தலையை ஆட்டிக்கினு சாப்டே!"

கோபம் வந்தால்தான் அவளுக்கு 'நீங்க' 'நீ' ஆகும். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நாலைந்து தடவை ஆகியிருக்கிறது. ஓஸ்வால்ட் மூஞ்சியைத் துடைக்கவில்லை.

"பதினஞ்சு நாள்ல லவினாவுக்கு நிச்சயதார்த்தம்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கே.ஜி.எஃப். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னா சொல்றது?"

"நிச்சயம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நீ சொன்னா கேக்குறேன்."

அவள் யோசித்தாள். யோசிக்கத்தான் செய்தாள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பெண்ணைப் பெற்றவள். முந்தானையால் கையைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள்.

"கர்த்தர் மேடை மேலருந்து உங்களைச் சொல்லிட்டாரு. அவர்கிட்ட டேட்டு மாத்திக் கொடுங்கன்னா கேக்க முடியும்? எழுந்திருங்க. போயி பாஸ்டரைப் பாருங்க."

பாஸ்டர் ஃபிராங்க்ளினின் வீடு சபைக்கு மேலேயே, மாடியில். ஓஸ்வால்ட் பெட்டியைத் தோளில் வைத்துப் படியேறிப் போனபோது திருநெல்வேலி ஐயா கட்டம் போட்ட லுங்கியோடு மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேடையில் பார்த்த ஆளா இவர் என்றிருந்தது. ஊறுகாய் புளிக்கிறதென்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

ஓஸ்வால்ட் பெட்டியை அவர் முன்னால் இறக்கி வைத்து முட்டிபோட்டான். "ஐயா, நீங்க சொன்ன ரட்டு இதுதான். எடுத்துக்கினு வந்துட்டேன்."

"எந்த இரட்டு?"

"பட்டு ரட்டு, ஐயா. நேத்து பேரைச் சொல்லாம சொன்னீங்களே." எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னான். இந்த முறை வேகமாகச் சொல்ல வந்தது.

ஐயா எச்சில் கையோடு பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் ஃபிராங்க்ளின் முதலில் வாயைப் பொத்திக்கொண்டான், பிறகு பொத்த முடியவில்லை. சின்ன வயது, முப்பத்தைந்துகூட இருக்காது. "அங்கிள், அது ரட்டு இல்ல அங்கிள். இரட்டு. சாக்குத் துணி. அந்தக் காலத்துல மனசு உடைஞ்சவங்க நல்ல துணியைக் கழத்திட்டு அதைக் கட்டிக்கினு சாம்பல்ல உட்காருவாங்க. உங்க கன்னட வேதத்துல கோணித்தட்டுன்னு வரும் பாருங்க. கோணித்தட்டு!"

"கோணித்தட்டா?" என்றான் ஓஸ்வால்ட். அவனுக்கு அது நன்றாகவே தெரியும். எத்தனையோ தடவை வாசித்திருக்கிறான். "அப்போ ஐயா என்னைச் சொல்லலையா?"

"உம்ம பேரே எனக்கு இப்பதான்வே தெரியும்," என்றார் ஐயா.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் ஓஸ்வால்டுக்கு வந்தது சந்தோஷம்தான். அப்பாடா என்று மூச்சு விட்டான். யாரும் பார்க்கவில்லை, விரல் அவனை நோக்கி நீளவில்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பழையபடி சூட்கேஸுக்குப் பின்னால் தள்ளிவிடலாம். பாஸ்டரும் அதற்கு வழி போட்டுக் கொடுத்தான். "அங்கிள், மனசுல உணர்ந்துட்டீங்க, ஜெபம் பண்ணிட்டீங்கன்னா போதும். இப்பப் போயி வெளியே சொன்னா சபைக்கும் கெட்ட பேரு, லவினா மேட்டரும் கீது. ஆஞ்சலா ஆன்ட்டி எப்பவோ மறந்திருப்பாங்க. சுவல்ப யோசிங்க."

ஐயா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். நின்றபடியே பெட்டியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"நாப்பது வருசமா இதே வார்த்தையைச் சொல்லுதேன்," என்றார். கிண்டல் இல்லாமல், களைப்பாகச் சொன்னார். "எத்தனையோ ஊரு, எத்தனையோ மேடை. அழுவாங்க, விழுவாங்க, மறுநாள் அதே கடையில அதே தராசைப் புடிச்சி நிப்பாங்க. ஒரு பய இரட்டை எடுத்து வந்து நின்னதில்ல. நீரு தப்பாக் கேட்டு எடுத்துட்டு வந்திருக்கீரு. இதைக் கொண்டுபோயி வையும்னு சொல்ல என் வாய்க்கு வரலவே. அதுக்கு மேல உம்ம இஷ்டம்."

படி இறங்கினால் இடது பக்கம் அவன் வீடு, வலது பக்கம் ஆஞ்சலா வீட்டுச் சந்து. பெட்டியோடு கொஞ்ச நேரம் நின்றான். ஒன்பது வருஷமாக முதலாளி கண்டுபிடிப்பார், மௌரீன் பிரிப்பாள், கர்த்தர் கேட்பார் என்ற பயத்திலேயே இருந்துவிட்டான். அந்தப் பயத்துக்குள் ஆஞ்சலாவை நினைக்கவே இடம் இருக்கவில்லை. இப்போது பயம் போய்விட்டது, அவள் மட்டும்தான் மிச்சம். வலது பக்கம் நடந்தான்.

ஆஞ்சலா ஒரு பி.ஜி. ஹாஸ்டலுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுக்கிறாள். ஐ.டி. பிள்ளைகள், நூற்றைம்பது பேர். மத்தியானம் மூன்று மணிக்கு உருட்ட ஆரம்பித்தால் ஏழு மணிக்குள் முந்நூறு முடிய வேண்டும். வாசலுக்குப் பக்கத்திலேயே பெரிய கல், பக்கத்தில் மாவு உருண்டைகள் ஈரத் துணிக்கு அடியில்.

"ஓஸ்வால்டா? வா வா. கல்லு காஞ்சிடுச்சு, கையை நிறுத்த முடியாது. உட்கார்ந்து பேசு. இன்னா அது பெட்டி?"

சொன்னான். இது மூன்றாவது முறை இல்லை, உண்மையில் இதுதான் முதல் முறை என்று அவனுக்குத் தோன்றியது. ஆஞ்சலா உருட்டினாள், கல்லில் போட்டாள், திருப்பினாள், எடுத்தாள். ஐந்து சப்பாத்தி அப்படிப் போயிற்று. ஆறாவது கல்லிலேயே கருகிப் புகைந்தது. அவள் எடுக்கவில்லை. ஓஸ்வால்ட்தான் எட்டி அடுப்பை அணைத்தான்.

"பாதி நாள் எனக்கே சந்தேகம்," என்றாள் ஆஞ்சலா. "நான்தான் எங்கயோ கை மறதியா வெச்சேனோ, யாருக்காவது கூடக் கொடுத்துட்டேனோன்னு. படுத்தா தூக்கம் வராது. கவுண்டரை மனசுக்குள்ளயே தினம் மடிச்சு வைப்பேன்."

"அக்கா..."

"இரு. என் வீட்டுக்காரர் தேவசகாயம், உனக்குத் தெரியுமே, உன்கிட்ட பீடி வாங்கிக் குடிப்பாரே. அவர் ஒரு வார்த்தை என்னை ஏசல. அடிக்கல. ஆஸ்பத்திரியில கண்ணை மூடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கிட்டக் கூப்புட்டார். 'ஆஞ்சலா, இப்பவாவது சொல்லு, எங்க வித்தே? நான் கோச்சிக்கமாட்டேன்'னார். இல்லங்க, நான் எடுக்கலன்னேன். 'சரி, பரவால்ல'ன்னு என் கையைத் தட்டிக் கொடுத்தார். நம்பலடா. மன்னிச்சிட்டார், ஆனா நம்பல. பண்ணாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கினு உட்கார்ந்திருக்கேன் ஆறு வருஷமா."

ஓஸ்வால்ட் அழுதான். அவள் அழவில்லை.

"நீ கடையில சொல்லுவே, சபையில சொல்லுவே. நல்லது. அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

அவளே எழுந்து மாவை மூடினாள், கையை உதறினாள். "எழுந்திரு. கடைக்குப் போலாம். முந்நூறு சப்பாத்தி வராட்டா ஒரு நாள் பன்னு தின்னட்டும் பசங்க."

சிவாஜிநகர் சனிக்கிழமைச் சாயங்காலக் கூட்டத்தில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓஸ்வால்ட் முன்னால் போனான், ஆஞ்சலா பின்னால். இப்போது கடை பெரியவருடையது இல்லை. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மகன் பரத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நரேஷ் வந்து கத்தியால் முடிச்சை அறுத்தான். மேலாக இருந்த மாம்பழக் கலர்ப் புடவையை ஓஸ்வால்ட் பிரித்தபோது மடிப்பு மடிப்பாக நைந்துபோயிருந்தது. தொட்ட இடத்தில் பிளந்தது.

பரத் பொறுமையாகத்தான் கேட்டான். கெட்ட பையன் இல்லை. "அங்கிள், இது ஸ்டாக்லயே இல்லையே. அப்பா காலத்துது. இதுக்கா லீவு போட்டீங்க? விடுங்க அங்கிள், ஆயிது, முடிஞ்சு போச்சு."

"ஆஞ்சலாம்மா எடுக்கலன்னு சொல்லணும் தம்பி. எல்லாரையும் கூப்புட்டு."

"யாரு ஆஞ்சலா?"

அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், நாலடி தூரத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பின்னால் ஓடிவந்த ஓஸ்வால்டிடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இந்தக் கடை வாசல்ல போற பஸ்ல ஒன்பது வருஷமா நான் ஏறினதில்ல. இவங்களுக்கு என் பேரே தெரியாது."

லவினாவிடம் மௌரீன் இரவே சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ரொம்ப நேரம் அப்பா பக்கமே திரும்பவில்லை. காலையில் தானே கே.ஜி.எஃப்.புக்கு போன் போட்டுச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். யோசிக்கட்டும் என்று போனை வைத்துவிட்டுச் சபைக்குத் தலை வாரிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடைசிக் கூட்டம். சாட்சி சொல்ல நேரம் விட்டபோது ஓஸ்வால்ட் எழுந்து முன்னால் போனான். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, வாய்க்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டான், கர்ரென்றது. சொன்னான். பெட்ஷீட் பெட்டி, ஹாசன், லாஃப்ட், எதையும் விடவில்லை. நீங்கள் எல்லாரும் பட்டு ஆஞ்சலா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்றான்.

பாஸ்டர் ஃபிராங்க்ளினுக்கு ஒரே தவிப்பு. இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு, "பார்த்தீங்களா! ஐயா மூலமா கர்த்தர் வெள்ளிக்கிழமை சொன்ன தீர்க்கதரிசனம்..." என்று ஆரம்பித்தான். நாலு பேர் அல்லேலூயா என்றார்கள்.

"இல்ல பாஸ்டர்," என்றான் ஓஸ்வால்ட். "தீர்க்கதரிசனம் இல்ல. என் காது தப்பாக் கேட்டுச்சு. ஐயா சாக்குத் துணியைச் சொன்னாரு, நான் அட்டைப் பெட்டின்னு எடுத்துக்கினேன். உங்களுக்குத் தெரியுமே."

"பாஸ்டர், நீரு உக்காரும்," என்றார் ஐயா.

அப்போது பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஆஞ்சலா எழுந்தாள். மௌரீன் இடம் மாறிப் போய் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்லித் திட்டப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். திட்டினால் தப்பில்லை என்றும் நினைத்தார்கள். அவள் ஓஸ்வால்டைப் பார்க்காமல் மேடையைப் பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்த நாள்ல செத்தவங்க எல்லாம் எழுந்திரிப்பாங்கன்னு ரெண்டு நாளா சொல்லிக்கினு கீறீங்க. நெஜமா? பேச்சுக்குச் சொல்லலையே?"

ஐயா மேடையிலிருந்து இறங்கி வந்தார். மைக் இல்லாமலே பேசினார். "நெசந்தாம்மா. அதை நம்பித்தான் நானும் இருக்கேன்."

"கும்பலாவா, ஒவ்வொருத்தரா பேரோடவா?"

"ஒவ்வொருத்தரா. பேரோட."

"அப்போ சரி," என்றாள் ஆஞ்சலா. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து ஓஸ்வால்ட் நின்ற இடத்துக்கு வந்தாள். "அன்னைக்கு நீ எங்கயும் ஓடி ஒளியக் கூடாது. என்கூடவே நிக்கணும். அவர் எழுந்து வந்ததும் எனக்கு முன்னாடி நீ போயி சொல்லணும். எந்தப் பெட்டி, எந்த ஊரு, எல்லாத்தையும். நான் சொன்னா அவர் நம்பமாட்டார்."

"சொல்றேன்க்கா."

"நீலக் கோடு போட்ட சட்டை. அதைப் போட்டுத்தான் புதைச்சோம். கூட்டம் ஜாஸ்தி இருக்கும், பார்த்து வெச்சுக்கோ."

"நீலக் கோடு," என்றான் ஓஸ்வால்ட்.